டோக்கியோவில் சிறு குழுவோடு பார் சுற்று: சேரலாமா, சேருமுன் எவற்றைக் கேட்க வேண்டும்?

அல்லிமொட்டு:

அனைவருக்கும் வணக்கம். வேலை தொடர்பான பயிற்சி ஒன்றுக்காக விரைவில் டோக்கியோ செல்கிறேன். பயிற்சிக்குப் பின் கிடைக்கும் ஓய்வு மாலைகளில் ஒன்றை, ஷின்ஜுக்கு பகுதியின் மிகச் சிறிய பார்களை வழிகாட்டியோடு சுற்றிவரும் குழு ஒன்றில் கழிக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறேழு பேர், மூன்று மணி நேரம், மூன்று பார்கள் என்பதே நான் பார்த்த அறிவிப்புகளில் பொதுவான திட்டமாக இருக்கிறது.

நான் தனியாகச் செல்கிறேன். குழுவில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இருக்கமாட்டார்கள். மது அருந்துவேன், ஆனால் மிகக் குறைவாக. மீனும் இறைச்சியும் உண்பதில்லை. அந்தக் குறுகிய சந்துகளின் கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அங்கே உட்கார்ந்து பேசுபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஒரு மாலையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலே காரணம். இப்படிப்பட்ட குழு அந்த ஆவலை நிறைவேற்றுமா, அல்லது என்னைப் போன்ற வெளிநாட்டவர் சிலரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்குமா? பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் எவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்? சென்று வந்தவர்களும் அங்கேயே வசிப்பவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கார்முகில்:

வணக்கம் அல்லிமொட்டு. நான் டோக்கியோவில் வசிக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை இந்தச் சந்துகளுக்கு அழைத்துச் செல்வது எனக்கு வழக்கம். முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் சேர்வதா வேண்டாமா என்பதை அங்குள்ள இருக்கைகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் நினைப்பது கோல்டன் கய் பகுதியாக இருக்க வேண்டும். ஷின்ஜுக்குவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுக்கிச்சோவின் ஓரத்தில், ஹனசோனோ கோயிலை ஒட்டியுள்ள ஆறு சந்துகளில், 200-க்கும் மேற்பட்ட பார்கள் சுவரோடு சுவர் உரசி நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்தருகே கள்ளச்சந்தை நடத்திய கடைக்காரர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டபோது இங்கே வந்து சேர்ந்தார்கள். 1958-இல் பாலியல் தொழில் தடைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்வரை மேல்மாடி அறைகளில் அந்தத் தொழிலும் நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகே இந்தக் கட்டடங்கள் இன்று நாம் காணும் பார்களாக மாறின. 1980-களில் நிலத்தின் விலை கட்டுக்கடங்காமல் ஏறி, சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டபோது, கடைக்காரர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும், நிலத்தைக் கைப்பற்ற விரும்புவோர் தீவைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, இரவுகளில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் திரைப்படக்காரர்களும் பத்திரிகையாளர்களும் கூடிய இடம் என்ற பெயர் அதற்கு உண்டு. அந்த வாடிக்கையாளர்களின் பற்றுதான் அந்தச் சந்துகளைக் காப்பாற்றியது.

இப்போது இருக்கைக் கணக்குக்கு வருகிறேன். பொதுவாக ஒரு பாரில் ஐந்து முதல் பத்து இருக்கைகளே இருக்கும்; மேசை கிடையாது, நீண்ட பலகை ஒன்றுதான். அதன் மறுபக்கத்தில் உரிமையாளர் தனியாக நின்று ஊற்றிக் கொடுப்பார். இருக்கைக் கட்டணமாகப் பெரும்பாலும் ஒருவருக்கு 500 முதல் 1,500 யென் வரை வாங்குவார்கள். சில இடங்களில் கேட்காமலேயே ஒதோஷி என்னும் சிறு உணவுத் தட்டு வந்து, அதுவும் பில்லில் சேரும். எட்டு இருக்கைகளில் ஒருவர் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கடை நடத்த முடியாது. அந்தக் கட்டணம் இருப்பதற்குக் காரணம் அதுதான். இதை அறியாமல் வந்து, ஏமாற்றப்பட்டதாக எண்ணி வாதிடும் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டணத்தைக் கதவிலேயே எழுதி வைத்திருக்கும் கடைகள் பல. பழகிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் கடைகளும் உண்டு. அங்கே கதவைத் தட்டாமல் நகர்வதே முறை.

ஆறு பேர் கொண்ட குழு எட்டு இருக்கை உள்ள கடைக்குள் நுழைந்தால் அந்தக் கடை அன்றிரவு அந்தக் குழுவினுடையதாகிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

நெடுவழி:

கார்முகில் சொன்ன இருக்கைக் கணக்கையே எடுத்துக்கொண்டு நான் நேர்மாறான முடிவுக்கு வருகிறேன். குழுவாகச் சென்றால் கடை நிறைந்துவிடும். தனியாகச் சென்றாலோ பல கடைகளில் ஓர் இருக்கை கிடைத்துவிடும். அல்லிமொட்டு தேடுவது உள்ளூர்க்காரர்களின் பேச்சு. இருபுறமும் அறிமுகமற்ற உள்ளூர்க்காரர்கள் இருக்க நடுவில் அமரும் ஒருவருக்குத்தான் அந்தப் பேச்சு கிடைக்கும். தன் குழுவின் நடுவில் அமர்பவருக்குக் கிடைக்காது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் தொகையைக் கொண்டு இரண்டு கடைகளின் இருக்கைக் கட்டணத்தையும் கோப்பையையும் எளிதாகச் செலுத்திவிடலாம்.

கதவில் கட்டணம் எழுதியிருக்கிறதா, வெளிநாட்டவரை வரவேற்கும் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு விரலைக் காட்டி, "ஒருவர், இடம் இருக்கிறதா" என்று கேட்டால் போதும். இல்லை என்றால் தலையசைத்துவிட்டு அடுத்த கதவுக்குச் செல்லலாம். பணத்தாள்கள் கையில் இருக்க வேண்டும். அட்டையை ஏற்காத கடைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. இவ்வளவு தெரிந்த ஒருவருக்கு வழிகாட்டி எதற்கு என்பதுதான் என் கேள்வி.

தேன்சிட்டு:

அத்தகைய குழுவில் சென்று வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நெடுவழி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் வழிகாட்டியின் பணி கதவைக் காட்டுவதோடு முடிந்துவிடுவதாக அவர் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் மாலையில் நிலையத்தின் மேற்குப் பக்கமுள்ள ஒமொய்தே யோக்கோச்சோவில் தொடங்கினோம். அதுவும் 1940-களின் சந்தையிலிருந்து வளர்ந்த சந்துதான். கரி அடுப்பில் சுடும் கோழிக்கறியின் புகை அங்கே எப்போதும் நிறைந்திருக்கும். கோல்டன் கய் பகுதியின் பல பார்கள் இரவு எட்டு மணிக்குப் பிறகே திறப்பதால் முதலில் அங்கே சாப்பிட்டுவிட்டு இங்கே வருவது நல்ல வரிசை என்று வழிகாட்டி விளக்கினார். சாப்பிடாமல் முதல் கோப்பையைத் தொட வேண்டாம் என்றும் அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

அவருடைய திறமை எனக்குப் புலப்பட்டது இரண்டாவது இடத்தில். செங்குத்தான படிகளில் ஏறி மாடியில் ஒரு சிறிய அறைக்குள் நுழைந்தோம். அவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் உரிமையாளர் எங்கள் வருகையை எதிர்பார்த்திருந்தார். வயதான அந்த அம்மையார் ஜப்பானிய மொழி மட்டுமே பேசினார். மூலையில் வாடிக்கையாளர் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எங்களை வரிசையாக உட்கார வைக்காமல், அந்த வாடிக்கையாளருக்கு அருகில் எங்களில் இருவரை அமர்த்திவிட்டு, அவர் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றி வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டார். பேச்சு தொடங்கிவிட்டது. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மொழிபெயர்த்தார். மற்ற நேரங்களில் ஒதுங்கி நின்றார். அந்த அம்மையார் கடை தொடங்கிய காலத்தைப் பற்றியும், 2016-இல் சந்துகளில் தீப்பிடித்த நாளைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். மொழி அறியாத நான் தனியாக அந்தப் படியேறியிருந்தால் ஒரு கோப்பை குடித்துவிட்டு, புன்னகைத்துவிட்டு இறங்கியிருப்பேன்.

மூன்றாவது இடம் அப்படி அமையவில்லை. அங்கே எங்கள் குழுவே எல்லா இருக்கைகளையும் நிரப்பியது. கதவைத் திறந்து பார்த்த ஒருவர், இடமில்லை என்று கண்டு, உரிமையாளருக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் தினமும் வருபவர் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கடையில் நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம். ஒரே வழிகாட்டி, ஒரே இரவு. ஆனால் இருக்கைகளும் தலைகளும் எந்த விகிதத்தில் இருந்தன என்பதே இரண்டு இடங்களையும் வேறுபடுத்தியது. ஆகவே முதல் கேள்வி, "குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்" என்பதாக இருக்கட்டும். நான்கு பேர் என்றால் தயங்காமல் சேருங்கள், எட்டு என்றால் வேறு அமைப்பாளரைத் தேடுங்கள்.

கார்முகில்:

தேன்சிட்டு எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். நெடுவழி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோல்டன் கய் பாதுகாப்பான பகுதிதான். ஆனால் அதற்குச் செல்லும் வழி கபுக்கிச்சோ. தெருமுனைகளில் நின்று, நல்ல பார் காட்டுகிறேன், மலிவு விலை என்று அழைப்பவர்களைப் பின்தொடர வேண்டாம் என்று அங்கே ஒலிபெருக்கியிலேயே அறிவிக்கிறார்கள். அப்படி அழைத்துச் செல்லப்படும் சில இடங்களில் பில் பல மடங்காக வரும். கோப்பையில் மயக்கமருந்து கலந்து, மயங்கியவரின் அட்டையிலிருந்து பணம் எடுத்த நிகழ்வுகளைக் குறித்து அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்திருக்கிறது. கபுக்கிச்சோவையும், டோக்கியோவின் இன்னொரு இரவுக் கேளிக்கைப் பகுதியான ரொப்போங்கியையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தெருவில் நின்று அழைப்பவர் எவரையும் பின்தொடராமல் இருந்தாலே இந்த ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும். தனியாகச் செல்பவர் இதை மனத்தில் இருத்த வேண்டும். குழுவில் செல்பவருக்கு வழிகாட்டி அதைப் பார்த்துக்கொள்கிறார்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு செய்தி. 2018 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டபின், அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெறாதவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி என்ற பட்டத்தை மட்டும் அவர்கள் பயன்படுத்தக் கூடாது. எனவே உரிமம் இல்லாதவர் சட்டவிரோதமாக நடத்துகிறார் என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர்களோடு அவருக்கு எத்தனை காலப் பழக்கம், முன்பே சொல்லிவைத்துவிட்டு வருகிறாரா என்பதை உரிமத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டும். எந்தக் கடையில் இடம் கிடைக்கிறதோ அங்கே நுழைவோம் என்று பதில் வந்தால், அந்த வேலையை நெடுவழி சொன்னபடி நீங்களே செய்துகொள்ளலாம்.

அல்லிமொட்டு:

மிக்க நன்றி. மூன்று இடங்களிலும் கட்டாயம் மது வாங்க வேண்டுமா? குறைவாக அருந்துபவர் குழுவின் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பது? உணவைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

வெண்பனி:

நான் மது அருந்துவதே இல்லை. ஆனால் பணியின் பொருட்டு ஜப்பானில் இருந்த காலத்தில் இத்தகைய மாலைகளில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஆளுக்கு ஒரு பானம் வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அது மதுவாக இருக்க வேண்டும் என்பது விதி அல்ல. ஊலாங் தேநீர் ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அதைக் கேட்பவரை எவரும் வியப்போடு பார்ப்பதில்லை. மது வாங்கினால் உடன் ஒரு குவளைத் தண்ணீரும் கேளுங்கள்; மகிழ்ச்சியோடு தருவார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கைச் சொல்கிறேன். 5 சதவீத பீர் 500 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. சாக்கே என்னும் அரிசி மது, 15 சதவீதமுள்ளது, 180 மில்லிலிட்டரில் சுமார் 22 கிராம். ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு ஆண்களுக்கு 40 கிராமும் பெண்களுக்கு 20 கிராமும் எட்டினாலே வாழ்க்கைமுறை நோய்களுக்கான ஆபத்து கூடுகிறது என்று குறிப்பிட்டிருக்கிறது. மூன்று கடைகளில் ஒவ்வொன்றிலும் இந்த அளவில் ஒரு முழுக் கோப்பை என்றால் அறுபது கிராமை எட்டிவிடும். ஆகவே முதல் கடையில் ஒரு சிறிய பீர், இரண்டாவதில் தேநீர், மூன்றாவதில் விருப்பமிருந்தால் பழச்சாறு கலந்த மென்மையான ஒன்று என்று நீங்களே முன்கூட்டி முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்த முடிவைத் தொடக்கத்திலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களின் வேகத்துக்கு மற்றவர்களை இழுக்கும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி அல்லர். பங்கேற்பாளர்களை எவ்வளவு குடிக்கவைத்தோம் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் அமைப்பாளர்களை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

உணவு கடினம்தான். பார்வைக்குக் காய்கறியாகத் தெரியும் உணவிலும் மீனிலிருந்து எடுத்த சாறு சேர்ந்திருக்கும். டோஃபு என்னும் சோயாக் கட்டியைக் குளிர்ச்சியாகத் தரும்போது அதன் மேல் உலர்மீன் சீவலைத் தூவித் தருவார்கள். உப்பிட்டு வேகவைத்த எதமாமே என்னும் பச்சை சோயா அவரை பெரும்பாலும் நம்பத் தக்கது. ஒதோஷி என்னவாக வரும் என்பது உரிமையாளரின் அன்றைய விருப்பம். அதை மறுப்பது பல கடைகளில் மரியாதைக் குறைவாகப்படும். முன்பதிவின்போதே எழுதித் தெரிவித்தால் வழிகாட்டி கடைக்காரரிடம் சொல்லி வேறொன்றை ஏற்பாடு செய்வார். மாலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டே செல்லுங்கள். இன்னொன்று: 2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களுக்குள் புகைபிடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்திருந்தாலும், உரிமையாளர் ஒருவரே நடத்தும் சிறிய பார்கள் சிலவற்றில் இன்றும் புகைபிடிக்கிறார்கள். புகை ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதுங்கள்.

நெடுவழி:

தேன்சிட்டு வருணித்த இரண்டாவது கடையைப் படித்தபின், மொழி அறியாதவருக்கு நல்ல வழிகாட்டியால் கிடைக்கும் நன்மையை ஒப்புக்கொள்கிறேன். பெரிய குழுக்களைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. ஐரோப்பாவில் இவை எவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்தன என்பதற்குச் சான்றாக, பிராக் நகராட்சி 2024 அக்டோபரில் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே வழிகாட்டியோடு நடக்கும் பார் சுற்றுகளைத் தடை செய்ததைக் குறிப்பிடலாம். ஸ்பெயினின் பாலேரிக் தீவுகளில் 2020-இலேயே சில கடற்கரைப் பகுதிகளில் அத்தகைய தடை வந்துவிட்டது.

திரும்பும் வழியைப் பற்றி எவரும் எழுதவில்லை. டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மீண்டும் அதிகாலை 5 மணி அளவில்தான் தொடங்கும். டாக்ஸியில் இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். ஆகவே குழு எத்தனை மணிக்குக் கலைகிறது, எந்த நிலையத்தருகே கலைகிறது என்பதைக் கேளுங்கள். தங்குமிடத்துக்கு வாடகைச் சைக்கிளில் போகலாம் என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து, மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹாலோடு சைக்கிள் ஓட்டினாலே மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். குழு ஷிபுயா பகுதியில் இதேபோன்ற சிறு பார்கள் உள்ள நோன்பெய் யோக்கோச்சோ என்னும் சந்துக்குச் செல்வதாக இருந்தால், அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை 6 முதல் காலை 5 வரை வெளியில் நின்று மது அருந்துவதற்கு 2024 அக்டோபரிலிருந்து ஆண்டு முழுவதும் தடை உள்ளது. ஒரு கடைக்கும் இன்னொன்றுக்கும் இடையே கையில் கேனோடு நடக்கக் கூடாது.

தேன்சிட்டு:

தனியாகச் செல்லும் பெண் என்பதால் அல்லிமொட்டு அவர்களுக்குச் சில சொற்கள். நடுவில் விலகிச் செல்லும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. அதைச் சொல்லிவிட்டு விலகினால் போதும், காரணம் கூற வேண்டியதில்லை. இரண்டாவது கடை முடிந்ததும் நான் கிளம்பக்கூடும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவைத்தால் பிறகு தயக்கம் இருக்காது. கோப்பையைப் பலகையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குச் சென்றால், திரும்பி வந்து புதிதாக ஒன்று கேளுங்கள். உங்கள் கண்முன் ஊற்றப்படாத எதையும் குழுவில் உள்ளவர் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். சுற்று முடிந்தபின் குழுவில் சிலர் வேறிடம் போகலாம் என்று அழைப்பார்கள். அப்போது வழிகாட்டியின் பொறுப்பு முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தங்குமிடத்தின் முகவரியை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்திருங்கள். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. குறுகிய காலம் தங்குபவர் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே மது அருந்தும் வயது 20 என்பதால் இளமையாகத் தெரிபவரிடம் கடையிலும் கேட்பார்கள்.

அந்தச் சந்துகளில் அனுமதியின்றிப் படமெடுக்க வேண்டாம் என்ற பலகைகள் இருக்கின்றன. கடைக்குள் உரிமையாளரைக் கேட்காமல் கைப்பேசியை உயர்த்தவே கூடாது. அங்கே அமர்ந்திருப்பவர் தன் வீட்டு முற்றத்தில் இருப்பதைப் போன்ற மனநிலையில் இருப்பார்.

வெண்பனி:

ஒரு கேள்வி என் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. அன்றாடம் வரும் மனிதர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைத் தேன்சிட்டு எழுதியிருந்தார். அப்படி நேர்வதைத் தெரிந்துகொண்டே நாம் இந்தச் சுற்றுகளில் சேரலாமா?

கார்முகில்:

இந்தக் கேள்வியை அங்குள்ள கடைக்காரர்களோடு பலமுறை பேசியிருக்கிறேன். அவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் வயதாகி வராமற்போனபின் வெளிநாட்டவர் வருகையால்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றார் ஒருவர். வேறொருவர், பத்துப் பேர் கூட்டமாக வந்து நான்கு கோப்பைகள் மட்டும் வாங்கிப் படமெடுத்துக்கொண்டு சென்றதை இன்னும் ஆற்றாமையோடு சொல்கிறார். இரண்டையும் கேட்ட பிறகு என் நிலைப்பாடு இதுதான்: கடைக்காரர் சம்மதித்த நாளில், அவர் சம்மதித்த எண்ணிக்கையில், ஆளுக்கு ஒரு பானம் வாங்கி, சொன்ன நேரத்தில் எழுந்துவிடும் குழு அந்தக் கடைக்கு நன்மையே செய்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் வாடிக்கையாளர்களுக்கே இடம் போதாது. அந்த இரவுகளில் குழு நடத்தும் அமைப்பாளரை நான் தவிர்ப்பேன். திங்கள் முதல் புதன் வரை எட்டு மணிவாக்கில் இருக்கைகள் காலியாக இருக்கும், உரிமையாளருக்கும் பேச நேரம் இருக்கும்.

அல்லிமொட்டு:

உங்கள் அனைவருடைய விளக்கத்தையும் வைத்து அமைப்பாளருக்கு அனுப்பும் கடிதத்தை எழுதியிருக்கிறேன். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர். கடைகளோடு முன்பே பேசி வைக்கப்படுகிறதா. இருக்கைக் கட்டணமும் ஒதோஷியும் முதல் கோப்பையும் கட்டணத்தில் அடங்குமா. மது அல்லாத பானத்தைத் தேர்ந்தெடுக்கலாமா. மீன், இறைச்சி இல்லாத உணவுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா. எத்தனை மணிக்கு எந்த நிலையத்தருகே முடிகிறது. நடுவில் விலகினால் வழிகாட்டி நிலையம்வரை வருவாரா. செவ்வாய்க்கிழமை மாலையைக் கேட்டிருக்கிறேன். விட்டுப்போனது ஏதேனும் உண்டா?

தேன்சிட்டு:

ஒன்று உண்டு. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். சிலர் அன்று மாலையில்தான் ரத்து செய்வார்கள்; சிலர் இரண்டு குழுக்களை ஒன்றாக இணைத்துவிடுவார்கள், அப்போது நான்கு பேர் என்று நம்பிச் சென்ற நீங்கள் எட்டுப் பேரில் ஒருவராகிவிடுவீர்கள். இணைக்கமாட்டோம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.